நாய்க்குச் சோறு வைக்கும் நேரத்திலிருந்து தீபாவளியைத் திட்டமிடுவது: ஒரு முழுமையான வழிகாட்டி

மூன்று வருடம் முன்பு, தீபாவளி அன்று மத்தியானம் பதினொன்றரை மணிக்கு, கால்நடை மருத்துவர் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். புதுப்புடவை, தலையில் பூ, கையில் பதினான்கு கிலோ எடையுள்ள மணி. எங்கள் வீட்டு நாட்டு நாய். அத்தை பாசத்தில் நாலு லட்டைப் பிட்டுப் போட்டிருந்தார். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "லட்டுல கிஸ்மிஸ் போட்டிருந்தீங்களா?"

போட்டிருந்தோம். ஏலக்காய், கிராம்பு, முந்திரி, கிஸ்மிஸ் எதிலும் குறை வைக்கவில்லை. "எத்தனை மணிக்குச் சாப்பிட்டான்?" என்று அடுத்துக் கேட்டார். அது யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. ஊசி போட்டு வாந்தி எடுக்க வைத்தார். பிறகு இரண்டு நாள் குளுகோஸ் ஏற்றி, சிறுநீரகத்துக்கு ரத்தப் பரிசோதனை செய்தார். மணி பிழைத்துக்கொண்டான். வீட்டில் ஏழு டப்பா பட்சணம் இருந்தது. எடுத்து வாயில் போட யாருக்கும் மனசில்லை.

அடுத்த வருடம் ஐப்பசி பிறப்பதற்கு முன்பே ஒரு பழைய நோட்டை எடுத்தேன். முதல் வரியில் மணிக்கும் பூனை பொன்னிக்கும் சாப்பாட்டு நேரம், மணியை வெளியே கூட்டிப்போகும் நேரம். மற்ற வேலைகளை அந்த நேரங்களுக்கு நடுவே எழுதினேன். எழுதி முடித்தபோது பாதி வேலைக்கு மேல் இடமில்லை. இடமில்லாததை எல்லாம் அடித்துவிட்டேன். இப்போது எங்கள் வீட்டுத் தீபாவளி அவ்வளவுதான். அதை எப்படிச் செய்வது என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

ஒரு மாதம் இருக்கும்போது

மூன்று வேலை.

முதலாவது, டாக்டரிடம் ஒரு நடை. வெடிச் சத்தத்துக்கு உங்கள் நாய் எப்படி நடந்துகொள்ளும் என்பதை உள்ளபடி சொல்லுங்கள். ஓரமாகப் படுத்து நடுங்குகிறதா, எச்சில் வடிக்கிறதா, கதவைப் பிறாண்டுகிறதா, இருந்த இடத்திலேயே சிறுநீர் கழிக்கிறதா? பயம் அதிகமென்றால் மாத்திரை எழுதித் தருவார். அந்த மாத்திரையை முதன்முதலாகத் தீபாவளி அன்று கொடுக்கக் கூடாது. சாதாரண நாள் ஒன்றில், டாக்டர் சொன்ன அளவில் கொடுத்துப் பார்த்து, எவ்வளவு நேரத்தில் வேலை செய்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று குறித்துவைக்க வேண்டும். வீட்டில் பெரியவர்கள் போடும் தூக்க மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுக்கும் வேலையே வேண்டாம். பூனைக்குக் காய்ச்சலோ வலியோ என்று பாரசிட்டமால் கொடுத்தால் உயிரே போய்விடும். அதற்கு ஒரு மாத்திரையே போதும்.

இரண்டாவது, சத்தம் பழக்குவது. மனிதக் காதுக்கு எட்டுவது சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரைதான். நாய்க்கு அது 45,000 வரை போகும், பூனைக்கு 60,000-ஐத் தாண்டும். நமக்கு 'டப்' என்று முடிந்துபோவது அவற்றுக்கு அப்படி முடிவதில்லை. கைபேசியில் பட்டாசுச் சத்தம் ஒன்றைப் பதிவிறக்கி, சோறு வைக்கும்போது மட்டும், நமக்கே கேட்டும் கேட்காத அளவில் ஓட விடுங்கள். காது பின்னால் மடங்கினால், வால் உள்ளே போனால், சாப்பிடுவதை நிறுத்தினால் சத்தம் அதிகம் என்று பொருள். குறையுங்கள். மூன்று நான்கு வாரம் கொஞ்சங்கொஞ்சமாக ஏற்றலாம். இது மந்திரம் இல்லை. மணிக்கு ஓரளவு பயம் தெளிந்தது. பொன்னிக்கு ஒரு மாற்றமும் இல்லை. அவள் பீரோ மேலே ஏறுவாள், மறுநாள்தான் இறங்குவாள்.

மூன்றாவது, கழுத்துப்பட்டை. வெடிச் சத்தத்தில் மிரண்டு ஓடித் தொலைந்துபோகும் நாய்கள் உண்டு. பட்டையில் உங்கள் கைபேசி எண்ணை அழியாத பேனாவால் எழுதுங்கள். பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழையலாம். மூன்று விரல் நுழைந்தால் மிரளும்போது தலையை உருவிக்கொண்டு ஓடிவிடும். வெறிநாய்க்கடி தடுப்பூசி பாக்கி இருந்தால் இந்த நடையிலேயே போட்டுவிடுங்கள்.

துணிமணி வாங்குவதும் இந்த மாதத்தில்தான். ஆளுக்கு ஒன்று. கூட்டத்துக்கு முந்தி ஒரே சாயங்காலத்தில் முடியும்.

பட்சணத்தில் கத்தரி

ஏழு வகையை மூன்றாக்கியபோது வீட்டில் சண்டை வரவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். "கடையில வாங்குறதுக்குப் பேரு தீபாவளியா?" என்றார் அத்தை. கடைசியில் ஒரு உடன்பாடு வந்தது. அதிரசம் அத்தையுடையது. மேலூர்ப் பக்கத்து வெல்லப்பாகு பதம் அவர் கைக்குத்தான் தெரியும், அதில் நான் தலையிட முடியாது. தேன்குழல் என்னுடையது. லேகியம் நாட்டு மருந்துக் கடையில் வாங்குவது. மற்றதெல்லாம் தெருவிலிருந்து வந்துவிடும். பக்கத்து வீட்டு அக்காவும் எதிர்வீட்டு அம்மாவும் எங்களோடு சேர்ந்துகொண்டார்கள். வீட்டுக்கு ஒரு இனிப்பு, ஒரு காரம், மூன்று பங்காகப் போட்டு மாற்றிக்கொள்வது. ஆறு வகை எல்லார் வீட்டிலும் இருக்கும், யாருக்கும் இடுப்பு ஒடியாது.

எங்கள் தேன்குழல் கணக்கு இது: பச்சரிசி மாவு நாலு கப், வறுத்து அரைத்துச் சலித்த உளுத்தமாவு ஒரு கப், வெண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, சீரகம், உப்பு, பெருங்காயத் தண்ணீர். வெண்ணெயை மாவில் முதலில் விரலால் பிசிறிவிட்டுப் பிறகுதான் தண்ணீர் தெளிக்க வேண்டும். ஒரு கிள்ளு மாவை எண்ணெயில் போட்டால் அடியில் தங்காமல் உடனே மேலே வர வேண்டும், அதுதான் சூடு. பிழிந்துவிட்டதும் எண்ணெய் சலசலவென்று பேசும். அந்தப் பேச்சு அடங்கியதும் எடுத்துவிடுங்கள். நிறம் பார்த்துக் காத்திருந்தால் கடினமாகிவிடும்.

இதைத் தீபாவளிக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால் வருகிற ஞாயிற்றுக்கிழமை சுட்டுவிடலாம். மூடி இறுக்கமான எவர்சில்வர் டப்பாவில் நமுத்துப்போகாமல் நிற்கும். அதிரச மாவுக்கு நாலு நாள் முன்னால் அரிசி ஊற வேண்டும். ஈரம் முழுக்க உலர்ந்துவிடாமல் நிழலில் காயவைத்து, இடித்து, பாகில் கிளறி இரண்டு நாளாவது புளிக்க விடுவார் அத்தை. அடுப்படியில் கொதிக்கும் எண்ணெய்ச் சட்டி இருக்கும் இரண்டு நாளும் நாய், பூனை இரண்டும் கதவுக்கு அந்தப் பக்கம். பூனை மேடைக்குத் தாவுவதற்கு ஒரு நொடி போதும்.

வாயில் படக்கூடாதவை

இந்தப் பகுதியைப் படித்துவிட்டு வீட்டுப் பெரியவர்களிடமும் குழந்தைகளிடமும் வாயால் சொல்லுங்கள். பலகாரம் போடுகிறவர்கள் பெரும்பாலும் இதைப் படிக்க மாட்டார்கள்.

கிஸ்மிஸும் திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கும். லட்டு, கேசரி, பாயசம், பரிசாக வரும் உலர்பழப் பெட்டி எல்லாவற்றிலும் இருப்பது இதுதான். "எத்தனை தின்றால் ஆபத்து?" என்று நான் கேட்டதற்கு டாக்டர் சொன்னார்: "சில நாய்க்கு ஒண்ணும் ஆகாது. சிலதுக்கு நாலே நாலு போதும். உங்க நாய் எந்த ரகம்னு முன்னாடியே சொல்ல முடியாது."

சாக்லேட்டில் இருக்கும் தியோபுரோமின் என்ற பொருளை நாயின் உடம்பால் சீக்கிரம் வெளியேற்ற முடியாது. இதயம் படபடக்கும், வலிப்பு வரும். கறுப்புச் சாக்லேட் பால் சாக்லேட்டைவிட மோசம். இப்போது வீடு வீடாக மிட்டாய்ப் பெட்டிக்குப் பதில் சாக்லேட் பெட்டி வருகிறது. பெட்டி பிரித்த கையோடு மேல் அலமாரிக்குப் போக வேண்டும்.

வெங்காயமும் பூண்டும் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். பச்சையோ வதக்கியதோ பொடியோ வித்தியாசம் இல்லை. பூனைக்கு நாயைவிட இது கெடுதல். அறிகுறி உடனே தெரியாது, இரண்டு மூன்று நாள் கழித்து ஈறு வெளுத்து, சோர்ந்து படுக்கும்போதுதான் தெரியும். எனவே கறிக்குழம்புச் சோறும் கூடாது, பிரியாணி மிச்சமும் கூடாது, பூண்டு தட்டிப் போட்ட ரிப்பன் பக்கோடாவும் கூடாது.

நெய் சொட்டும் மைசூர்பாகும் பாதாம் அல்வாவும் விஷம் இல்லை. ஆனால் திடீரென்று அவ்வளவு கொழுப்பு உள்ளே போனால் கணையம் வீங்கிவிடும். விடாமல் வாந்தி, முதுகை வளைத்துக்கொண்டு நிற்பது இரண்டும் அதற்கு அடையாளம்.

வெந்த எலும்பு. பச்சை எலும்பைவிட வெந்தது எளிதில் சிம்பு சிம்பாக உடைந்து தொண்டையிலோ குடலிலோ குத்தும். கோழி எலும்புக்கு இது இன்னும் பொருந்தும்.

சாப்பிடும் பொருள் இல்லாத ஐட்டங்களும் உண்டு: கற்பூரம், பாம்பு மாத்திரை, வெடிக்காமல் கிடக்கும் பட்டாசு மருந்து. பாம்பு மாத்திரை தரையில் உருண்டால் நாய்க்கு அது பிஸ்கட்.

தெரியாமல் தின்றுவிட்டால் உப்புத் தண்ணீரைக் கரைத்து வாயில் ஊற்றாதீர்கள். வாந்தி வராவிட்டால் அந்த உப்பே தனி விஷமாகிவிடும், மூச்சுக்குழாய்க்குள் போகவும் வாய்ப்புண்டு. எதை, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்ற மூன்று தகவலோடு, பெட்டி இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு உடனே கிளம்புங்கள். வயிற்றைத் தாண்டிப் போவதற்குள், முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் போய்விட்டால் வாந்தி எடுக்க வைத்தே கணிசமாக வெளியேற்றிவிடலாம். விடுமுறை நாளில் யார் திறந்திருப்பார்கள் என்று முந்தின வாரமே போன் போட்டுக் கேட்டு, எண்ணைக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டுங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி, மற்றவர்களுக்கு நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி என்று அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் மருத்துவமனை உண்டு. பண்டிகை நாளில் எத்தனை மணி வரை என்பதை அங்கேயும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

முந்தின நாள்

வீட்டிலேயே சன்னல் குறைந்த அறை எது என்று பாருங்கள். எங்களுக்கு அது சாமான் அறை. அங்கே கட்டிலை ஓரமாகத் தள்ளி, அடியில் என்னுடைய பழைய புடவை ஒன்று, துவைக்காதது. துவைத்தால் வாசனை போய்விடும். சன்னலுக்குத் தடித்த போர்வை. தண்ணீர்க் கிண்ணம் கவிழாத கனமான மண்சட்டி. மணியை மதியத்திலிருந்தே அங்கே கொண்டுபோய், பிடித்த தின்பண்டம் கொடுத்துப் பழக்க வேண்டும். வெடி ஆரம்பித்த பிறகு தூக்கிக்கொண்டுபோய் அடைத்தால் அது அவனுக்குச் சிறை. பூனைக்கு மண்தட்டை உள்ளே வைத்துவிட்டு, பரணோ பீரோ மேலோ அவள் ஏறும் இடத்தில் ஒரு துணியைப் போட்டால் போதும். இழுத்து இறக்காதீர்கள்.

எங்கள் மதுரைப் பக்கம் தீபாவளிக் காலை என்றால் இட்லியும் கறிக்குழம்பும். விடியற்காலை நாலு மணிக்கே கறிக்கடையில் வரிசை நிற்கும். அதில் நிற்காமல் முந்தின நாள் சாயங்காலமே ஒன்றேகால் கிலோ வாங்கிவிடுகிறோம். அந்தக் கால் கிலோ எலும்பில்லாதது, தனிப் பொட்டலம். குழம்புக்கு வெங்காயம் வதங்கும் முன்பே, உப்புகூடப் போடாமல், அதைச் சின்னக் குக்கரில் ஒரு துண்டு பூசணியோடு வேகவைத்து எடுத்துவைப்பேன். நல்ல நாளில் வாயில்லா ஜீவனுக்கு விருந்து வேண்டும் என்ற அத்தையின் வாதம் நியாயமானது. அதற்கான பதில் அந்தக் குக்கர். "ஏத்தா, நல்ல நாளும் அதுவுமா வெறுஞ்சோறா போடுவாக?" என்று இப்போது கேட்பதில்லை. அவர் கையாலேயே பிசைந்து வைக்கிறார்.

தீபாவளி அன்று, மணிவாரியாக

2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசு வெடிக்க இரண்டு மணி நேரம் என்று வரம்பு வைத்த பிறகு, தமிழ்நாட்டில் அது காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று ஆனது. அரசு அறிவிப்பு அது. எங்கள் தெரு வேறு. முதல் சரம் நாலு மணிக்குக் கேட்கும். அதனால் எங்கள் கணக்கு அறிவிப்பின்படி இல்லை, தெருவின்படி.

மூன்றரைக்கு எழுந்து, வீட்டில் யாரும் எண்ணெய் தேய்க்கும் முன்பு, மணியைக் கூட்டிக்கொண்டு வெளியே. பத்து நிமிடம். இந்தப் பத்து நிமிடத்தைத் தவறவிட்டால் காலை எட்டு மணி வரை அவன் அடக்கிக்கொண்டு கிடக்க வேண்டும், இல்லையென்றால் சாமான் அறை நாறும். திரும்பி வந்ததும் அறைக்குள். மின்விசிறி முழு வேகத்தில், வானொலி நடுத்தர சத்தத்தில். வெளிச் சத்தம் முழுக்க மறையாது, திடீரென்று விழுவது மட்டும் மழுங்கும்.

நாலரை முதல் ஆறு வரை எண்ணெய்க் குளியல், புதுத்துணி, சாமி, லேகியம். அதற்குப் பிறகுதான் எங்கள் வெடி, அதுவும் கணக்காகத்தான்: ஒரு பெட்டி சரம், கம்பி மத்தாப்பு, புஸ்வாணம், தரைச்சக்கரம். வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டரில் 125 டெசிபலுக்கு மேல் சத்தம் வரும் பட்டாசுக்கே அனுமதி இல்லை. பையனிடம் அதைச் சொல்லி அணுகுண்டைக் குறைத்தேன். மணிக்காக என்று சொன்னதும் அவனே மொத்தமாக விட்டுவிட்டான், சட்டத்துக்காக இல்லை. எரிந்த மத்தாப்புக் கம்பிகள் தண்ணீர் வாளிக்குள் போக வேண்டும். தெருநாய் ஒன்று மிதித்துக் கத்தியதைப் பார்த்த பிறகு இதில் நான் கண்டிப்பு. பாதம் சுட்டுவிட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் பத்து இருபது நிமிடம். பற்பசை, மஞ்சள், மை எதுவும் வேண்டாம்.

எட்டு மணிக்கு தெரு கொஞ்சம் அடங்கும். அப்போதுதான் மணிக்கும் பொன்னிக்கும் சாப்பாடு. அளவு வழக்கமான அளவே, கறி சேர்த்தால் சோற்றைக் குறைக்க வேண்டும். நாங்கள் இட்லி சாப்பிடுவதும் அதே நேரம்தான். ஒரே நேரத்தில் எல்லாரும் சாப்பிட்டால் யாரும் தட்டின் பக்கம் வந்து நிற்பதில்லை என்பது எதிர்பாராத லாபம்.

ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை தட்டோடு வருகிறவர்கள். இதுதான் ஆபத்தான நேரம். இரண்டு கையிலும் தட்டு, முழங்கையால் கேட்டைத் தள்ளி உள்ளே வருவார்கள், சாத்த மாட்டார்கள். கேட்டுக்கு ஒரு ஆள் போடுங்கள். எங்கள் வீட்டில் பன்னிரண்டு வயதுப் பையன், அதற்காகத் தனியாகத் தீபாவளிக் காசு. வந்த பலகாரத்தைக் கூடத்து டீப்பாயில் வைக்கும் பழக்கத்தை விட்டுவிட்டு நேராக அடுப்படிக்குக் கொண்டுபோக வேண்டும். டீப்பாயின் உயரமும் மணியின் மூக்கும் ஒன்று.

மத்தியானச் சமையல் கிடையாது. காலைக் குழம்புக்குச் சோறு மட்டும் வடிப்பது. இரண்டிலிருந்து நாலு வரை எல்லாரும் தூங்குகிறோம்.

நாலே முக்கால், ஐந்துக்கு மணிக்கு ராச்சாப்பாடு. ஐந்தரைக்கு வெளியே கூட்டிப்போய், ஆறுக்குள் அறைக்குள். வெடிச் சத்தத்தின் நடுவே சாப்பிடாத நாயைப் பட்டினி போடாமலிருக்க இது ஒன்றுதான் வழி. டாக்டர் மாத்திரை எழுதியிருந்தால் அவர் சொன்ன நேரத்தில், சத்தம் ஆரம்பிக்கும் முன்பு.

ஆறிலிருந்து பத்தரை வரை ஒருவர் அந்த அறையில். முறைவைத்து மாறிக்கொள்ளலாம். பயந்த நாயைத் தடவிக்கொடுத்தால் பயம் பழகிவிடும் என்பார்கள், தவறு. பயம் தடவலால் வளராது. அவன் பக்கத்தில் வந்தால் தடவுங்கள், கட்டிலுக்கடியில் போனால் விடுங்கள். சங்கிலியில் கட்டாதீர்கள், மிரண்டு சுற்றிக்கொண்டால் கழுத்தை இறுக்கும். போன வருடம் அந்த நாலரை மணி நேரத்தில் நான் சாமான் அறையில் உட்கார்ந்து ஒரு கிலோ சின்ன வெங்காயம் உரித்தேன், மணி கட்டிலுக்கடியில் என் கால்மேல் தாடையை வைத்துக்கொண்டு கிடந்தான். (உரித்த தோலைக் கையோடு அள்ளிக்கொண்டேன்.)

ஊருக்குப் போகிறவர்களுக்கு

சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் என் கருத்து போகாதீர்கள் என்பதே. பூனை இடம் மாற விரும்பாது, அதை வீட்டிலேயே விட்டு ஒரு தெரிந்தவர் இரண்டு வேளை வந்து பார்ப்பது நல்லது. நாயைக் காப்பகத்தில் விடுவதானால் தீபாவளிக்கு முன்பே ஒரு இரவு விட்டுப் பார்த்துவிடுங்கள். ரயில் முன்பதிவு இப்போது 60 நாள் முன்னால்தான் திறக்கிறது. காப்பகத்தில் இடம் உறுதியான பிறகு பயணச்சீட்டு எடுங்கள், மாற்றிச் செய்தால் தவிப்புதான்.

மறுநாள்

நடைக்குக் கிளம்பும் முன்பு வாசலைப் பெருக்குங்கள். வெடிக்காமல் கிடப்பவற்றை வாளித் தண்ணீரில் போட்டு ஊறவிட வேண்டும். அன்று முழுக்க நாயைக் கயிற்றோடுதான் கூட்டிப்போக வேண்டும், மிச்சச் சரத்தை எந்தப் பையன் எந்த மூலையில் கொளுத்துவான் என்று தெரியாது. நாய் ஒரு வேளை சாப்பிடாமல் இருந்தால் பதற வேண்டியதில்லை. பூனை ஒரு நாள் முழுக்க எதையும் தொடவில்லை என்றால் டாக்டருக்குப் போன் செய்யுங்கள். இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் பூனைக்கு ஈரலில் கொழுப்பு ஏறிவிடும். வாந்தி, ரத்தத்தோடு மலம், வெளுத்த ஈறு, சிறுநீர் குறைவது எதுவாக இருந்தாலும் காத்திருக்காதீர்கள்.

பிறகு அந்தப் பழைய நோட்டை எடுத்து, ஞாபகம் இருக்கும்போதே அடுத்த வருடத்துக்கு நாலு வரி. போன ஆண்டு நான் எழுதியது: தேன்குழல் மாவு மூன்று கப் போதும், அரை டப்பா மிச்சம். கேட்டுக்கு இன்னொரு கொக்கி. கால் கிலோ கறி போதவில்லை, பொன்னியும் பங்கு கேட்கிறாள். அத்தை அதிரசத்தை இந்த முறை பீரோ மேலே வைத்தார், அங்கே வேறொருத்தி படுத்திருக்கிறாள் என்பதை மறந்து.